டாக்டர் சொன்னதாக நான் சொன்னது

கண்ணு, இதை ஆபீஸில் வைத்துப் படிக்காதே. வீட்டுக்குப் போய், பையன் விளையாடிக்கொண்டிருக்கும் நேரமாகப் பார்த்து, உட்கார்ந்து படி. பக்கம் பக்கமாகப் படம் எடுத்து உன் போனுக்கு அனுப்புகிறேன். வரிசை மாறி வந்தாலும் மூலையில் நம்பர் போட்டிருக்கிறேன். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். போனில் பேசினால் நான் ஜெயித்துவிடுவேன். முப்பது வருஷம் மலைப் பாதையில் ஓடுகிற பஸ்ஸில் நின்றுகொண்டு, இன்ஜின் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை இது. நீயும் பாதியிலேயே ‘சரிங்கப்பா’ என்று சொல்லிவிடுவாய். நானும் சொல்ல வந்ததை விழுங்கிவிட்டு, பெங்களூரில் மழையா என்று கேட்பேன். காகிதம் என்றால் குறுக்கே யாரும் பேச முடியாது, நான் உட்பட. எனக்கும் இப்போதெல்லாம் பேசிப் பேசி அலுத்துவிட்டது.

விஷயம் உன் மகனைப் பற்றியது. போன ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டாய். மூன்று வயதுக் குழந்தைக்குச் சிறுநீரில் கிருமி வந்து காய்ச்சலடித்தது என்றாய். முன்தோல் இறுக்கமாக இருக்கிறது, குடும்பத்தில் யாருக்காவது இப்படி இருந்ததா என்று அங்கே டாக்டர் கேட்டாராம். நீ, அப்பாவுக்கும் இருந்தது, எனக்கும் இருந்தது, இரண்டு பேருக்கும் டாக்டர் சொல்லித்தான் எடுத்தார்கள் என்று சொன்னாயாம். அப்படியானால் இவனுக்கும் எடுத்துவிடலாம் என்று வருகிற வெள்ளிக்கிழமைக்கு நாள் கொடுத்துவிட்டாராம். மருமகள் மட்டும் வேண்டாம் என்கிறாள், இன்னொரு டாக்டரைக் கேட்போம் என்கிறாள், நீங்க அவளுக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கப்பா என்றாய். நான் ஒரு வார்த்தையோடு விட்டேனா? அரை மணி நேரம் அவளை உட்காரவைத்துப் பாடம் நடத்தினேன். அந்தப் பெண் கடைசியில், சரிங்க மாமா என்று போனை உன்னிடம் கொடுத்துவிட்டாள். அவள் குரலில் இருந்தது சம்மதம் இல்லை, களைப்பு. அதுகூட எனக்கு அப்போது தெரியவில்லை.

இப்போது சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதை இழுத்தடித்தால் மறுபடியும் ஏதாவது சமாதானம் கண்டுபிடித்துவிடுவேன். உனக்கு அந்த ஆபரேஷன் செய்யச் சொல்லி எந்த டாக்டரும் சொல்லவில்லை. எனக்குச் சொன்னார்கள். உனக்குச் சொல்லவில்லை. இருபத்தெட்டு வருஷமாக நீ நம்பிக்கொண்டிருப்பது நான் சொன்ன பொய்.

எனக்கு வந்தது நிஜமான நோய். கல்யாணத்துக்கு முந்தின வருஷம். முன்தோல் இறுகி, ஓரமெல்லாம் வெடித்து, ஒவ்வொரு முறை ஒன்றுக்குப் போகும்போதும் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். சேலத்திலிருந்து மாரமங்கலம் வரை போகிற வண்டியில் எனக்கு டூட்டி. வலிக்குப் பயந்து தண்ணீரே குடிக்காமல் வேலைக்குப் போவேன். அடிவாரத்தில் வண்டி நிற்கும்போது எல்லாரும் டீ குடிப்பார்கள், நான் புதருக்குப் பின்னால் மரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். யாரிடம் சொல்வது? அப்பாவிடம் சொல்கிற விஷயமா இது? எனக்கு டிரைவராக இருந்தவர் ஒரு பாய். என்னைவிடப் பத்து வயது பெரியவர், அதிகம் பேசமாட்டார். நான் திரும்பி வர ஆகிற நேரத்தை அவர் கவனித்துக்கொண்டே இருந்திருக்கிறார். ஒருநாள் ஸ்டியரிங்கில் கை வைத்தபடியே, “ஏனுங்க கண்டக்டரே, நொம்ப நாளா இழுத்துட்டே இருக்கறீங்க. நாளைக்கு லீவு போடுங்க, நானே கூட வர்றேன்” என்றார். சொன்னபடி வந்தார். டாக்டர் பார்த்தார், எடுத்தே ஆக வேண்டும் என்றார், எடுத்தார்கள். ஒரு மாதத்தில் நான் புது ஆளாகிவிட்டேன்.

வலி போனால் மனுஷனுக்கு நன்றி வர வேண்டும். எனக்குக் கொள்கை வந்தது. எனக்கு நல்லதாக இருந்தது ஊருக்கெல்லாம் நல்லதாகத்தான் இருக்க வேண்டும் என்று தீர்மானித்துவிட்டேன். பேப்பரில் ஆரோக்கியப் பக்கத்தில் இதைப் பற்றி எது வந்தாலும் கத்தரித்து டிக்கெட் பையின் உள்ளறையில் வைத்துக்கொள்வேன். எது வந்தாலும் என்பதும் பொய்தான். நன்மை என்று எழுதியிருந்தால் வைத்துக்கொள்வேன். தேவையில்லை என்று எழுதியிருந்தால், வேலையில்லாதவன் எழுதியிருக்கிறான் என்று அதிலேயே பஜ்ஜி எண்ணெயைப் பிழிந்து போட்டுவிடுவேன். கடைசி சீட்டில் வருகிற எஸ்டேட் கணக்கு எழுதுகிற ரைட்டர், வாத்தியார், யாரானாலும் ஆம்பளைகளாகத் தனியாகச் சிக்கினால் போதும், இருபது கொண்டை ஊசி வளைவும் முடிகிற வரை விடமாட்டேன். இதைக் கேட்கப் பயந்தே இரண்டு மூன்று பேர் முன் சீட்டுக்கு மாறி உட்கார்ந்தார்கள் என்று பின்னால் தெரிந்தது.

பாய் ஒருநாள் தன் மகனுக்கு மார்க்கக் கல்யாணம் என்று கூப்பிட்டார். சுன்னத்து செய்கிற சடங்கைத்தான் அப்படிச் சொல்வார்கள். பையனுக்கு மாலை போட்டு, புதுச் சட்டை போட்டு, மாப்பிள்ளை மாதிரி உட்கார வைத்திருந்தார்கள். நான் பிரியாணி சாப்பிட்டுக்கொண்டே பக்கத்துப் பந்தியில் இருந்த பெரியவரிடம், நீங்கள் எல்லாம் எவ்வளவு விவரமானவர்கள், நோய் வராமல் முன்கூட்டியே தடுத்துவிடுகிறீர்கள் என்று ஆரம்பித்தேன். அவர் சிரித்துக்கொண்டே கை கழுவப் போய்விட்டார். மறுநாள் டிப்போவில் பாய் என்னிடம் மெதுவாகச் சொன்னார். “நாங்க செய்யறது படைச்சவனுக்காகங்க. வியாதிக்குப் பயந்து இல்லீங்க. உங்களுக்கு வியாதி இருந்துச்சு, எடுத்தீங்க, சரியாப் போச்சு. அதோட உட்டுருங்க.” அவர் தன் மார்க்கத்தைப் பற்றிக்கூட யாரிடமும் வாதம் செய்ததில்லை. எனக்கு மார்க்கமும் இல்லை, படிப்பும் இல்லை, ஒரு தழும்புதான் இருந்தது. அதை வைத்துக்கொண்டு நான் ஊரையே திருத்தப் பார்த்தேன்.

உனக்கு ஐந்து வயது இருக்கும்போது ஒருநாள் அரிக்கிறது என்று சொன்னாய். லேசான சிவப்பு, அவ்வளவுதான். ஆனால் எனக்கு அடிவாரத்துப் புதர் ஞாபகத்துக்கு வந்துவிட்டது. உன்னைத் தூக்கிக்கொண்டு சேலத்தில் ஒரு டாக்டரிடம் போனேன். அவர் உன்னைப் பார்த்ததைவிட என் பேச்சைக் கேட்ட நேரம்தான் அதிகம். என் கதை முழுவதையும் சொன்னேன், வெட்டி வைத்திருந்த பேப்பர்களையும் காட்டினேன். வெளியே வரிசையில் ஆள் நிற்கிறது, பாவம், அவர் என்ன செய்வார். களிம்பு ஒன்று எழுதிக்கொண்டிருந்தார். அப்படியானால் எடுத்துடலாங்களா என்று கேட்டேன். அவர் தலை நிமிராமலே, “பாத்துக்கலாம்ங்க” என்றார்.

இந்த ஒரு வார்த்தையைத்தான் நான் பிடித்துக்கொண்டேன் சாமி. இதை வைத்து நம் ஆட்கள் ஒரு ஆயுளையே ஓட்டிவிடுவார்கள். கல்யாணத்துக்குக் குடும்பத்தோடு வந்துடுங்க என்றால் பார்த்துக்கலாம் என்போம், அதற்கு வரமாட்டேன் என்று அர்த்தம். சமையல்காரர் இன்னும் வரவில்லையே என்று பெண்ணைப் பெற்றவர் பதறினால் பார்த்துக்கலாம் என்போம், அதற்கு நான் இருக்கிறேன், முடித்துத் தருகிறேன் என்று அர்த்தம். தலைச்சோலை பிரிவில் நிறுத்துவீங்களா என்று கேட்கிற பெரியம்மாவிடம், முடியாது என்று சொல்ல மனசு வராமல் நானே எத்தனையோ தடவை பார்த்துக்கலாம் என்றிருக்கிறேன். எந்தப் பார்த்துக்கலாம் எந்த ரகம் என்று குரலிலேயே தெரிந்துவிடும். ஒரு கண்டக்டருக்குத் தெரியாமல் இருக்குமா? களிம்பைப் போடு, காத்திரு, அவசரப்படாதே என்றுதான் அவர் சொன்னார். எனக்கு அப்போதே புரிந்தது. புரியாதது மாதிரி வெளியே வந்தேன்.

களிம்பை ஒரு நாள்கூடப் போடவில்லை. அந்த வாரமே வேறு ஒரு நர்சிங் ஹோமுக்குப் போய், பெரிய டாக்டர் பார்த்து எடுத்துடச் சொல்லிட்டாருங்க என்று சொன்னேன். அவர்கள் நம்பினார்கள். உன் அம்மாவிடமும் அதையேதான் சொன்னேன். அவள் அப்போதே, சின்னப் புள்ளைதானுங்க, கொஞ்ச நாள் பொறுக்கலாமே என்றாள். டாக்டரைவிட உனக்குத் தெரியுமா என்று வாயை அடைத்தேன். வாயை அடைப்பதற்கு டாக்டரைவிட வசதியான ஆள் கிடையாது.

ஆபரேஷன் முடிந்த மறுநாள் உன்னை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வீட்டுக்கு வந்தோம். ஆறாவது வளைவோ ஏழாவது வளைவோ, என் வேட்டி நனைந்தது. பார்த்தால் ரத்தம். வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி, பலாப்பழம் ஏற்றிக்கொண்டு கீழே இறங்கின லாரியில் ஏறி, திரும்பவும் சேலம் போய், திரும்பவும் தையல். உன்னை உள்ளே தூக்கிக்கொண்டு போகும்போது நீ என் கழுத்தை விடவே இல்லை. “நான் ஒண்ணுமே பண்ணலீங்கப்பா, ஊட்டுக்குப் போலாங்கப்பா” என்று சொன்னாய். ஏதோ தப்பு செய்ததற்காக உன்னை இப்படிச் செய்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாய். அது உனக்கு ஞாபகம் இருக்கிறதோ இல்லையோ, எனக்கு இருக்கிறது. அன்றைக்குக்கூட உன் அம்மா அழுதபோது நான், எல்லாம் அவன் நல்லதுக்குத்தான் என்றேன்.

பிறகு நீ ஒன்பதாவதுக்கு ஹாஸ்டல் போனாய். முதல் லீவுக்கு வந்தவன் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. குளிக்கும் இடத்தில் பார்த்துவிட்ட பையன்கள் உன்னை நீ எந்த மதம், பேரை மாற்றிச் சொல்கிறாயா என்று கேட்டுச் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறார்கள். வேறு மதம் என்று நினைத்தால் அதில் ஒரு இழிவும் இல்லை, என் உயிரைக் காப்பாற்றிய பாயே அந்த மதம்தான். ஆனால் கேட்கிற கேள்விக்கு உன்னிடம் பதில் இல்லை, அதுதான் உன்னைத் தின்றிருக்கிறது. கிணற்றடியில் நின்று என்னிடம், எனக்கு எதுக்குங்கப்பா செஞ்சீங்க என்று கேட்டாய். என் பயத்தைக் காட்டி மன்னிப்புக் கேட்க அதைவிட நல்ல சமயம் கிடைத்திருக்காது. நான் என்ன சொன்னேன்? டாக்டர் சொன்னார் கண்ணு, நான் என்ன பண்ணட்டும் என்றேன். உன் முகம் தெளிந்தது. பதில் கிடைத்த நிம்மதியில் அன்றைக்கு நீ நன்றாகச் சாப்பிட்டாய். அந்தப் பதிலைத்தான் இப்போது பெங்களூர் டாக்டரிடம் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாய்.

ஞாயிற்றுக்கிழமை நான் போனை வைத்ததும் உன் அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். காயப்போட்ட மிளகைக் கிளறிவிட்டு வந்த கை. மருமகளுக்கு நான் நடத்திய பாடம் முழுவதையும் கேட்டிருக்கிறாள். கோபமாகக் கேட்கவில்லை. “அன்னைக்கு அந்த டாக்டர் என்னதானுங்க சொன்னாரு? அவரு வாயில வந்ததை அப்படியே சொல்லுங்க” என்றாள். எனக்கு எழுபது வயது ஆகப்போகிறது கண்ணு. பொய்யை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு நிற்கவும் உடம்பில் தெம்பு வேண்டும். என்னிடம் இல்லை. அவர் சொன்ன ஒரே வார்த்தையைச் சொன்னேன். கையில் ஒட்டியிருந்த மிளகுத் தூசியை முந்தானையில் துடைத்தாள். பிறகு, “பாத்துக்கலாம்னு சொன்னாருன்னா, பாத்திருக்கலாமில்லீங்க” என்றாள். எழுந்து போனாள். அன்றிலிருந்து இன்று வரை தேவைக்கு மட்டும்தான் பேசுகிறாள். அவளையும் இருபத்தெட்டு வருஷம் ஏமாற்றியிருக்கிறேன், அவள் பேசாமல் இருப்பது நியாயம்தான்.

இந்த மூன்று நாளும் நீ வாங்கிக் கொடுத்த போனில் இதைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருந்தேன், முதல் தடவையாக இரண்டு பக்கத்தையும். குழந்தைகளுக்குச் சிறுநீரில் கிருமி வருவது குறைகிறது, பெரியவர்களான பிறகு சில நோய்கள் தொற்றுவதும் குறைகிறது என்று ஒரு பக்கம் சொல்கிறார்கள். இன்னொரு பக்கம், அந்த நோய்கள் பெரும்பாலான குழந்தைகளுக்கு வரவே போவதில்லை, கழுவிச் சுத்தமாக வைத்தாலே பாதி வேலை முடிந்தது, ரத்தப்போக்கு வரலாம், எல்லாவற்றுக்கும் மேலே அந்தக் குழந்தையைக் கேட்காமல் எடுப்பது என்ன நியாயம் என்கிறார்கள். சின்ன வயதில் நிறையப் பையன்களுக்குத் தோல் இறுக்கமாகத்தான் இருக்கும், வளர வளரத் தானாக இளகும், இளகாவிட்டாலும் முதலில் களிம்பு போட்டுப் பார்க்கலாம் என்றும் இருந்தது. அதைப் படித்ததும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. எல்லாக் குழந்தைக்கும் எடுக்கிற பழக்கம் உள்ள நாட்டு டாக்டர்கள் நன்மைதான் அதிகம் என்கிறார்கள். அந்தப் பழக்கமே இல்லாத நாட்டு டாக்டர்கள் காரணமில்லாமல் தொடாதே என்கிறார்கள். இரண்டு தரப்பும் படித்தவர்கள், இரண்டு தரப்பும் ஒரே ஆராய்ச்சிகளைத்தான் புரட்டுகிறார்கள். அவரவர் தன் உடம்பையும் தன் ஊர் வழக்கத்தையும் முதுகில் சுமந்துகொண்டுதான் படிக்க உட்காருகிறார்கள் போலிருக்கிறது. அவ்வளவு படித்தவர்களுக்கே அப்படி என்றால், பஜ்ஜிக் காகிதத்தில் மருத்துவம் படித்த கண்டக்டர் எந்த மூலைக்கு? எனக்கு இதில் எது சரி என்று தெரியவில்லை. தெரியவில்லை என்று எழுதுவதற்கு எனக்கு இவ்வளவு வயது ஆகியிருக்கிறது.

அதனால் இப்போது ஆபரேஷன் வேண்டாம் என்று நான் சொல்கிறேன் என்று நினைத்துவிடாதே. அதைச் சொல்லவும் எனக்குத் தகுதி இல்லை. அன்றைக்கு என் வலி பேசியது, இன்றைக்கு என் குற்ற உணர்ச்சி பேசும், இரண்டுமே அந்தக் குழந்தையைப் பார்த்துப் பேசவில்லை. அவனுக்கு ஒருவேளை நிஜமாகவே தேவைப்படலாம். காய்ச்சல் வந்தது நிஜம்தானே. என் கதைக்குப் பயந்து தேவையானதைத் தள்ளிப்போட்டு அவன் கஷ்டப்பட்டால், அதுவும் நான் செய்த இன்னொரு தப்பாகத்தான் முடியும். நான் கேட்பது ஒன்றுதான். வெள்ளிக்கிழமைக்கு முன்னால் அந்த டாக்டரை இன்னொரு தடவை போய்ப் பார். மருமகளையும் கூட்டிக்கொண்டு போ, அவள் கேட்க நினைத்த கேள்வி எல்லாவற்றையும் அவள் வாயாலேயே கேட்கட்டும். அவள் சொன்ன அந்த இன்னொரு டாக்டரையும் கேளுங்கள். குழந்தையைப் பார்த்து அவர்கள் முடிவு செய்யட்டும், நம் வம்சத்தைப் பார்த்து வேண்டாம். எடுக்கத்தான் வேண்டும் என்றால் சொல்லு, நானும் அம்மாவும் வருகிறோம். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன், வாய் திறக்கமாட்டேன். மருமகளிடம் நான் தனியாக மன்னிப்புக் கேட்க வேண்டும். இதை அவளுக்கும் படித்துக் காட்டு.

உன்னிடம் மன்னிப்பு என்று எழுதப் பேனாவை எடுத்து எடுத்து வைத்துவிட்டேன். அது உன் உடம்பு. என்னைக் கேட்டு நீ பிறக்கவில்லை, உன்னைக் கேட்டு நான் எடுக்கவும் இல்லை. ஒரு தடவை எடுத்ததைத் திருப்பித் தர என்னால் முடியாது. உனக்கு என்மேல் கோபம் வந்தால் வரட்டும் கண்ணு, அதை அடக்கிவைத்துக்கொண்டு சரிங்கப்பா என்று மட்டும் சொல்லாதே. எனக்குத் தாங்காது என்று அம்மா சொல்வாள், நம்பாதே, தாங்கும். ஆனால் அந்தக் கோபத்துக்கெல்லாம் நேரம் இருக்கிறது, வெள்ளிக்கிழமைக்கு நேரம் இல்லை. முதலில் டாக்டரிடம் போ. அவர் குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா என்று மறுபடியும் கேட்பார். என்னைக் காப்பாற்றுவதற்காக எதையும் மாற்றாமல் அவரிடம் இப்படிச் சொல்லு: “எங்கப்பாவுக்கு இருந்துச்சுங்க. எனக்கு இருந்துச்சான்னு தெரியாதுங்க. அதைப் பாக்கறதுக்கு எங்கப்பா உடவே இல்லீங்க.”